வீட்டில் ஃபிலிம் கழுவுவது: இதுவரை வந்த தூரம்

கருப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஒருவழியாக ஒரே தரத்தில் வரத் தொடங்கியிருக்கின்றன. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிம், படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தாக டி-76 டெவலப்பர். இந்த ஜோடியை மாற்றவே இல்லை. ஃபிலிமையும் மருந்தையும் அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தால் எது எதனால் வந்தது என்று பிடிபடாது. டி-76 கோடாக் 1927இல் கொண்டுவந்த மருந்து, இன்றும் கிடைக்கிறது.

மருந்து 20 டிகிரி செல்சியஸில் இருந்தால், மேற்கொண்டு தண்ணீர் கலக்காத டி-76இல் இந்த ஃபிலிமுக்கு 7½ நிமிடம். முதல் 10 விநாடியில், ஃபிலிம் வெளிச்சம் படாமல் இருக்கும் டாங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே போல. படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஃபிக்ஸர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, ரோலின் நுனியில் வெட்டிய துண்டு ஒன்றை முன்கூட்டியே அதில் போட்டுவிடுகிறேன். பால் போல மங்கலாக இருக்கும் துண்டு மெல்ல மெல்லத் தெளிந்து கண்ணாடி போல ஆகும். அதற்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்தால் போதும். அப்புறம் தண்ணீரில் அலசி, தூசி இல்லாத இடத்தில் தொங்கவிட வேண்டியதுதான்.

நான் உண்மையில் கற்றுக்கொண்டது வெளிச்சம் அளப்பதைத்தான். டிஜிட்டலில் வெளிச்சப் பகுதி வெளுத்துப்போகாமல் காப்பாற்றுவதே முதல் கவலை. சென்சார் நிரம்பிவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நெகட்டிவ் ஃபிலிமில் கணக்கு தலைகீழ். வெளிச்சம் கூடினால் வெள்ளி இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகப் படியும், ஆனால் விவரம் சட்டென்று அறுந்துபோகாது. நிழலில் போதுமான ஒளி விழவில்லை என்றால்தான் அங்கே எதுவுமே பதியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அத்தையைப் படமெடுத்தபோது, நிழல் விழுந்த கூந்தலில் மீட்டர் வைத்து அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்தேன். அளந்த இடத்தை மீட்டர் நடுச்சாம்பலாகக் கணக்கிடும், கூந்தல் கருப்பாகவே வர வேண்டும் என்பதால்தான் இந்தக் குறைப்பு. நெகட்டிவில் கூந்தல் இழைகள் பிரிந்து தெரிகின்றன. பின்னால் வெயிலில் எரிந்த வெள்ளைத் திரைச்சீலையின் நெசவும் இருக்கிறது, அடர்த்தியாக, ஆனால் முழுமையாக. இந்தப் படத்துக்குப் பிறகு டிஜிட்டல் கேமராவைக் கையிலெடுத்தாலும், எந்தப் பகுதியை விட்டுக்கொடுக்கலாம் என்று முதலில் யோசிக்கிறேன்.

ஸ்கேன் செய்வதும் டிஜிட்டல் கேமராவில்தான். ஒளிப்பலகை மேல் நெகட்டிவை வைத்து மேக்ரோ லென்ஸால் எடுத்து, கணினியில் நிறத்தைத் தலைகீழாக்குகிறேன். பளபளப்பில்லாத பக்கம் லென்ஸைப் பார்த்தால் படம் இடவலம் மாறி வரும், அதையும் கணினியிலேயே திருப்பிக்கொள்ளலாம். ஃபோகஸைப் படத்தின் விளிம்பில் தேடாமல், ஃபிலிமில் பொடிப்பொடியாகத் தெரியும் கிரெய்னிலேயே வைக்க வேண்டும். இதனால்தான் ஃபிலிமா டிஜிட்டலா என்ற சண்டை எனக்கு வீணாகப் படுகிறது. இருட்டறையும், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் என்லார்ஜரும் இல்லாத வீட்டிலும் ஃபிலிம் பிழைத்திருப்பது டிஜிட்டலின் தயவில். கோப்பு தொலைந்தால் நெகட்டிவ் உறையில் இருக்கிறது, மறுபடியும் ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

ஃபிலிமின் கதை முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு காலத்தில் எல்லாக் காரணங்களும் இருந்தன. 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய ஸ்டீவன் சாசன் கோடாக்கின் பொறியாளர். அதே கோடாக் 2009இல் தன் புகழ்பெற்ற வண்ண ஃபிலிமான கோடாக்குரோமை நிறுத்தி, 2012இல் திவால் பாதுகாப்புக் கோரியது. ஆனால் 2018இல் கோடாக்கின் இன்னொரு வண்ண ஃபிலிமான எக்டாக்குரோம் திரும்பி வந்தது, 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புதிய ஃபிலிம் கேமராவும் வந்தது. பழைய கேமராக்களை எத்தனை நாள்தான் பழுதுபார்த்து ஓட்ட முடியும்? புதிதாக ஒன்றைத் தயாரிக்க ஒரு நிறுவனம் துணிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த ஃபிலிமின் ஒளி உணர்திறன் 400 ஐஎஸ்ஓ. அடுத்த ரோலை 1600 ஐஎஸ்ஓவில் அளந்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்துப் பார்க்கப் போகிறேன். நிழல் விவரம் கொஞ்சம் போகும், கிரெய்னும் கூடும். இரவு வெளிச்சத்தில் அந்த அளவு இழப்பு எனக்குச் சரிப்பட்டு வருமா என்று நெகட்டிவைப் பார்த்தால்தான் தெரியும்.