சீல் போடுமுன்: சாத்தூரிலிருந்து நெல்லை வரை

ஜூன் 9, 2025, திங்கள். சாத்தூர்

இந்த வாரம் பேக்கிங் மெஷின் சர்வீஸ் முழுக்கப் பலகாரப் பட்டறைகளில். எல்லா ஊரிலும் ஒரே புகார்தான்: "கவர் சரியா ஒட்டல, சரக்கு நமத்துப் போகுது." பெரும்பாலும் கோளாறு மெஷினில் இருப்பதில்லை. அடுப்படியில் தொடங்கியிருக்கும், கவருக்குள் போனபிறகு வெளியே தெரியும்.

முதலில் காரச்சேவு. கடலை மாவு 4 பங்குக்குப் பச்சரிசி மாவு 1 பங்கு. மிளகாய்த்தூள், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, பெருங்காயம், உப்பு, பூண்டு. பூண்டை அரைத்து வடிகட்டிச் சாற்றை மட்டும் விட வேண்டும். திப்பி இருந்தால் சேவுக் கரண்டியின் கண் அடைத்துக்கொள்ளும், எண்ணெயில் முதலில் கருகுவதும் அதுதான். மாவு தளர்ந்தால் சேவு எண்ணெய் குடிக்கும். இறுகினால் விரலளவு நீளம்கூட வராமல் துண்டு துண்டாக விழும், தேய்க்கிறவர் உள்ளங்கையும் போய்விடும்.

எடுக்கும் பதத்தைக் காதால் பார்க்கிறார்கள். மாவு விழுந்ததும் எண்ணெய் சடசடவென்று பொங்கும். அந்தச் சத்தம் அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள். நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால், வெளியே சிவந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். சட்டியிலிருந்து இறங்கிய சேவைப் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே கவருக்குள் போட வேண்டும். கையில் வெதுவெதுப்பு தெரிகிறவரை ஆறவில்லை. மேலே இருக்கும் சேவு ஆறியிருக்கும். குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது பழைய செய்தித்தாளில் நாலு சேவு கேளுங்கள். காகிதத்தில் எண்ணெய் வட்டம் பெரிதாகப் படர்ந்தால் அடுத்த கடை.

இதே ஊரில் கருப்பட்டி மிட்டாயும் உண்டு. இட்லி அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து, சுக்கு போட்ட கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பது. இதற்கு பிளாஸ்டிக் கவர் சரிப்படாது, வேர்த்துவிடும். ஓலைக்கொட்டானில் வாங்கி இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவது நல்லது.

இரவு விருதுநகர். எண்ணெய் பரோட்டா இந்தக் குறிப்பில் சேராது, பார்சலுக்கு ஆகாத பண்டம். விளிம்பு வைத்த கல்லில் எண்ணெய் நிற்க, அதில் பொரிந்து மொறுமொறுவென்று வரும். இலையில் விழுந்ததும் நொறுக்கி, சால்னாவைத் தாராளமாக ஊற்றிச் சாப்பிட வேண்டியது. அரை மணி நேரம் பொட்டலத்தில் இருந்தால் அட்டைதான்.

ஜூன் 10, செவ்வாய். கோவில்பட்டி

கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு, மானாவாரி நிலக்கடலை. முக்கியச் சாமான் இரண்டே இரண்டு என்பதால் எதையும் மறைக்க முடியாது.

வறுத்துத் தோல் நீக்கி, இரண்டாக உடைத்த கடலை 1 கிலோவுக்கு வெல்லம் அரைக் கிலோவுக்கு மேல், முக்கால் கிலோவுக்குள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியபின்தான் காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் மண் பல்லில் கடிபடும். பாகுப் பதத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். ஒரு சொட்டு விட்டு உருட்டினால் முதலில் இளகிய உருண்டை, பிறகு கெட்டி உருண்டை. அதோடு நிறுத்திவிடக் கூடாது. உருட்டியதைத் தட்டில் போட்டால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும், ஒடித்தால் கண்ணாடி மாதிரி முறிய வேண்டும். ஒரு கொதி முன்னால் இறக்கினால் மிட்டாய் வளையும், பல்லில் ஒட்டும். ஒரு கொதி பிந்தினால் கசப்பு.

கடலையைக் கொட்டிக் கிளறியதும் பலகைக்குப் போக வேண்டும். ஒருவர் கொட்ட, ஒருவர் உருளையால் தேய்க்க, இன்னொருவர் தேங்காய்ப்பூத் தூவ, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு. சூடு போனபின் வெட்டினால் கோட்டில் உடையாமல் கடலையில் உடையும்.

இங்கே வரும் புகார் 'பிசுபிசுப்பு'. வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஆறும்வரை வெளியே வைத்துவிட்டு, ஆறியபிறகும் மதியச் சாப்பாடு முடியட்டும் என்று தட்டிலேயே விட்டால், சீல் போடும்போதே மிட்டாய் ஈரம் குடித்திருக்கும். சேவைச் சீக்கிரம் மூடினால் கெடும், மிட்டாயைத் தாமதமாக மூடினால் கெடும். மெஷின் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஜூன் 11, புதன். தூத்துக்குடி

மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, வேறெதுவும் கிடையாது. போர்ச்சுக்கீசியர் வந்துபோன துறைமுகத்தில் தங்கிவிட்ட பேர், பாதாமுக்குப் பதில் முந்திரி.

வெள்ளைக்கருவில் மஞ்சள் கரு ஒரு துளி கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. நுரை கூர்முனையாக நிற்கும்வரை அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முந்திரிப் பொடியைக் கடைசியில் கையால், கீழிருந்து மேலாகப் புரட்ட வேண்டும். இந்த இடத்தில் அடித்தால் எல்லாம் தண்ணீர். முந்திரியையும் மாவாக அரைக்கக் கூடாது, ரவைப் பதம் போதும். நன்றாக அரைத்தால் எண்ணெய் விட்டு நுரையை அமுக்கிவிடும்.

காகிதக் கூம்பில் நிரப்பிப் பிழிகிறார்கள். அடியில் அகலம், மேலே சுழன்று ஒரு முனை. வேக வைப்பது என்பதைவிட உலர வைப்பது என்றே சொல்லலாம். தணிந்த சூட்டில் மணிக்கணக்கில் அடுப்பில் கிடக்கும். சூடு கூடினால் வெளியே வெடிப்பு, உள்ளே பொந்து, நிறமும் பழுப்பாகிவிடும்.

கவர் ஒட்டாததன் காரணம் இங்கே கண்ணுக்கே தெரிந்தது. மக்ரூன் உரசி உதிர்ந்த தூள், சீல் விழுகிற கோட்டில் மெல்லிய படலமாக உட்கார்ந்திருக்கிறது. சூட்டைக் கூட்டினால் கவர் சுருங்குமே தவிர தூள் வழிவிடாது. கவரின் வாயை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் தீர்ந்தது. கடலோரக் காற்றில் ஊசித்துளை போதும், இரண்டு நாளில் மக்ரூன் பஞ்சாகிவிடும். வாங்கும்போது கவரை மெல்ல அமுக்கிப் பாருங்கள். காற்று இறங்கினால் வேண்டாம்.

ஜூன் 12, வியாழன். முதலூர், உடன்குடி

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூர், மஸ்கோத் அல்வா. நெய் கிடையாது, தேங்காய்ப்பால்தான். மைதாவைப் பிசைந்து ஊறவைத்து, தண்ணீரில் கசக்கிப் பால் எடுத்து, ரப்பர் மாதிரி மிஞ்சும் சக்கையை ஒதுக்க வேண்டும். வீட்டளவுக்கு மைதா 1 கப், சர்க்கரை இரண்டரை முதல் 3 கப், இரண்டு பெரிய தேங்காயின் பால். கை விடாமல் கிண்ட, தேங்காய்ப்பாலே எண்ணெயாகப் பிரிந்து ஓரம் கட்டும். கரண்டியில் ஒட்டாமல் ஒரே திரளாகச் சுருண்டு வந்தால் பதம். அவசரத்தில் முன்னால் இறக்கினால் மாவு வாடை போகாது.

ஆறினால் கண்ணாடி போலிருக்கும், விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பும். தேங்காய் எண்ணெய் வெயில் படும் இடத்தில் காறல் அடிக்கும் என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வெயில் விழுகிற கடையில் வாங்காதீர்கள்.

உடன்குடியில் பதநீர்ப் பருவம் இன்னும் ஓடுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளிக்காமலிருக்க. கருப்பட்டி வாங்கும்போது ஒன்றை உடைக்கச் சொல்லுங்கள்: உள்ளே சர்க்கரை மணி பளபளத்தால் கலப்பு.

ஜூன் 13, வெள்ளி. திருநெல்வேலி

அல்வாவைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, தெளிய வைத்து, மேலே நிற்கும் தண்ணீரை வடிப்பதில்தான் சூட்சுமம். சரியாக வடிக்காவிட்டால் புளிப்பு தட்டும். கலர் எதுவும் வேண்டாம், சர்க்கரை காய்கிற காய்ச்சலில் பழுப்பு தானே வரும். கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரேயுள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், தீர்ந்தால் மூடிவிடும். ஆறு மணிக்கு மேல் போய் வருத்தப்பட வேண்டாம். நூறு கிராமை வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கி அங்கேயே தின்றுவிட்டுத்தான் பார்சலுக்கு நிற்க வேண்டும்.

ராத்திரி ரயிலுக்குப் பை அடுக்கும் வரிசை: அடியில் கருப்பட்டி, அதன்மேல் கடலை மிட்டாய், அல்வா இரண்டும் நிமிர்ந்து ஓரத்தில், சேவு நடுவில், மக்ரூன் எல்லாவற்றுக்கும் மேலே. அல்வாப் பொட்டலத்தைத் தனிக் கவரில் போட்டுக் கட்டுங்கள். நெய் கசிந்தால் முதலில் நனைவது சேவுதான்.