முதலில் எங்கே காட்டினீர்கள்? எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் இளையவர்களுக்கு

எம்.பி.பி.எஸ். படிப்பின் சமூக மருத்துவத் தேர்வு முடிவு சென்ற வாரம் வெளியானது. தேர்ச்சி பெற்றேன் என்பதைவிட, எழுத்துத் தேர்வைக் காட்டிலும் செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைத்தது என்பதே எனக்கு நிறைவு தருகிறது. நாம் எஸ்.பி.எம். என்று சுருக்கி அழைக்கும் இந்தப் பாடத்தைக் கடைசி நேரத்தில் மனப்பாடம் செய்து கடந்துவிடலாம் என்று முதலாண்டிலிருந்தே மூத்த மாணவர்கள் சொல்லிவருகிறார்கள். அதை நம்பிய என் நண்பர்கள் சிலர் இப்போது துணைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் என்னைவிடக் குறைவாக உழைத்தவர்கள் அல்லர் என்பதால், இதை எழுதும்போதும் அந்த வருத்தம் எனக்குள் இருக்கிறது. தாள்களின் அமைப்பும் மதிப்பெண் பிரிவும் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, எனக்கு உதவிய ஒன்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறேன்.

அந்த ஒன்று, நோயாளியிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "மொதல்ல எங்க காட்டுனீங்க?" அதையடுத்து, "யாரு சொல்லி அங்க போனீங்க?" மருத்துவப் பிரிவில் கேஸ் எடுக்கும்போது, அதாவது நோயாளியை விசாரித்துக் குறிப்பெழுதும்போது, நோய் எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று கேட்கிறோம். எஸ்.பி.எம். கேஸில் நோயைப் போலவே நோயாளியும் ஒரு பாதையில் நடந்து வந்திருக்கிறார். அந்தப் பாதையை முழுமையாக எழுதிவிட்டால், எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், கேட்கக்கூடிய கேள்விகளில் பெரும்பகுதிக்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

எனக்குக் கிடைத்த கேஸைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த, ஐம்பது வயதைக் கடந்த அம்மா. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இப்போது குதிகாலில் ஆறாத புண். களத்து வேலையில் ஏதோ குத்தியிருக்கிறது. கால் மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. முதலில் வீட்டிலேயே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். பிறகு மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமலேயே செட் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அதன் பின் ஊருக்கு வந்துபோகும், பட்டம் எதுவும் இல்லாத ஒருவரிடம் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். புண் நாற்றம் எடுத்த பிறகே வட்ட மருத்துவமனைக்குச் சென்று, அங்கிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்.

இதுவரை எழுதியிருந்தால் அது வழக்கமான கேஸ்தான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டபோது அவர் சாப்பிட்டதாகத்தான் சொன்னார். மாத்திரை எங்கிருந்து வருகிறது, கடைசியாக வந்ததை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் மாதந்தோறும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மாத்திரைகள், பல மாதங்களாக ஒரு டப்பாவில் பிரிக்கப்படாமல் கிடந்தன. சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று மகனுடைய கைபேசியில் வந்த ஒரு குரல் பதிவை அவர் கேட்டிருக்கிறார். அதை அவர் உடனே நம்பவில்லை. அதே தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் இருக்கிறார், அவரும் பல காலம் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர், "கிட்னி டாக்டரே அவருக்கு அந்த மாத்திரைய நிறுத்திட்டாரு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நம்பினார்.

வதந்தி எவ்வளவு கவனமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். கட்டுப்படாத சர்க்கரைதான் பல ஆண்டுகளில் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. மாத்திரை சாப்பிடுபவரும் சிறுநீரகம் பழுதடைபவரும் ஒரே ஆள் என்பதால், மாத்திரையே காரணம் போலத் தோன்றுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இறங்கினால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இன்சுலினுக்கோ வேறு மருந்துக்கோ மாற்றுவது நாம் படித்த விதி. மருத்துவர் சரியாகச் செய்த அந்தச் செயலே தெருவில் வதந்திக்குச் சாட்சியாக நின்றிருக்கிறது. அந்த அம்மா அறியாமையால் மாத்திரையை விடவில்லை. தம் கண்ணெதிரே இருந்த சான்றை எடைபோட்டுப் பார்த்தே அதை விட்டார். அந்தச் சான்றை வேறு விதமாக விளக்கிச் சொல்ல யாரும் அவரிடம் உட்காரவில்லை.

எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மருந்து வீட்டுக்கே வந்துவிட்டது. பிறகு குறை எங்கே இருக்கிறது?" சேவை எட்டியிருக்கிறது, நம்பிக்கை எட்டவில்லை என்றேன். அந்த அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று அடுத்துக் கேட்டார். வதந்தி பொய் என்று தொடங்க மாட்டேன், தெருக்காரருக்குச் சிறுநீரகம் கெடுவதற்கு முன் எத்தனை ஆண்டுகள் சர்க்கரை இருந்தது என்பதிலிருந்து தொடங்குவேன், பிறகு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அந்த அம்மாவின் சொந்த கிரியேட்டினின் அளவையும் சிறுநீரில் ஆல்புமின் அளவையும் எடுத்து அவரிடமே காட்டுவேன், மகனையும் அப்போது உடன் வைத்துக்கொள்வேன் என்றேன். அதன் பிறகு வைவா என்ற வாய்மொழித் தேர்வு உரையாடலாகவே நடந்தது.

இதைத் தேர்வு மொழியில் எழுத, 1994-இல் தாடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் பேறுகால மரணங்களுக்காக வகுத்த மூன்று தாமதங்கள் போதும்: சிகிச்சைக்குப் போவது என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பேறுகாலத்துக்கு வகுக்கப்பட்டது என்றாலும் பாம்புக்கடி, காசநோய், பக்கவாதம் எதற்கும் இது பொருந்தும். நோயாளி நின்ற ஒவ்வோர் இடத்தின் அருகிலும் 1, 2, 3 என்று எண்ணிட்டுவிட்டால், எந்த நிலையில் எந்தத் தடுப்பு நடவடிக்கை என்ற கேள்விக்கும் அங்கேயே விடை வந்துவிடும்.

கேஸ் எடுக்கும்போது என் கச்சாத் தாளில் நான் எழுதிக்கொண்டவை:

முதலில் எங்கே, யார் சொல்லி, எதில் ஏறி, யார் உடன் வந்தார்.
அன்றைய கூலி போயிற்றா; யாருடைய கூலி.
வீட்டில் மருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது.
கைபேசி யாரிடம் இருக்கிறது.
முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எப்போதாவது பயன்பட்டதா.
மருத்துவமனைக்கு வந்து சிகிச்சை பெறாமல் திரும்பிய நாள் உண்டா, ஏன்.

இரண்டாவது வரிக்குச் சற்று அழுத்தம் தருகிறேன். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே பொருளாதாரத் தடை இல்லை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதற்கு அப்பாலுள்ள கிராமத்திலிருந்து வருகிறவருக்கு வெளிநோயாளர் சீட்டு வாங்கி, இரத்தம் கொடுத்து, முடிவு வாங்கி வீடு திரும்ப ஒரு பகல் முழுவதும் ஆகும். உடன் வருகிறவரின் கூலியும் சேர்ந்தே போகும். மருந்துக்குப் பணம் கேட்காத மருத்துவமனைக்கு வருவதற்குக்கூட ஒரு விலை இருக்கிறது என்பதை உங்கள் கேஸில் எண்ணிக்கையாகவே காட்டுங்கள்.

மாணவர்கள் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் நமக்குக் கொடுக்கப்பட்ட வீடுகளைப் பலர் பதிவேட்டை நிரப்புவதற்கான இடமாகவே நடத்துகிறார்கள். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைப் பாடத்திட்டத்தில் கொண்டுவந்ததில் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் வெறிநாய்க்கடி பற்றி எனக்குத் தெரிந்த முக்கியமான செய்தியை அந்த வீடுகளில் ஒன்றில்தான் கற்றேன். அந்த வீட்டுச் சிறுவனை நாய் கடித்திருந்தது. தாத்தா அவனை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பத் தயங்கினார், ஏனென்றால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்பது அவருடைய இளமைக்கால நினைவு. அந்தப் பழைய தடுப்பூசி கைவிடப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாகச் சிறு ஊசி போடுகிறார்கள். அவருடைய செய்தி பொய்யன்று, காலாவதியான உண்மை. "மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் எழுதி முடித்தால் இந்த வேறுபாடு தெரியாமல் போகும். ஊசி எப்படி மாறியது என்று விளக்கியபோது அவரே பையனை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

நாய்க்கடிக் கேள்வி எழுத்தில் வந்தால் முதல் வரியாகக் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுவதை எழுதுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது என்பதை அதே இடத்தில் சேருங்கள். தோல் கிழிந்து இரத்தம் வரும் மூன்றாம் வகைக் கடிக்கு, கிருமியை உடனே எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலினைக் காயத்திலேயே செலுத்த வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 28-ஆம் நாள் ஊசிக்கு ஏன் பலர் வருவதில்லை என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்: அப்போது காயம் ஆறிவிட்டிருக்கும், பள்ளியும் கூலி வேலையும் திரும்பியிருக்கும்.

பழக்கவழக்கங்களைப் பற்றிய கேள்விக்கு நன்மை தருபவை, தீங்கற்றவை, தீங்கு செய்பவை என்ற மூன்று பிரிவுகளைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். நம் ஊர் எடுத்துக்காட்டுகளை வைத்து எழுதினால் விடை உயிர் பெறும். அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவது தீங்கற்றது. வெளியாள்கள் வராமல் நோயாளியைத் தனியே வைப்பது நன்மையானது. அதே அம்மை கர்ப்பிணிக்கோ பெரியவர்களுக்கோ வந்து மூச்சு வாங்கும்போதும் மருத்துவமனைக்குப் போகாமலிருப்பது உயிருக்கு ஆபத்தானது. அக்கிக்குக் காவியால் எழுதுவதில் காவி தோலுக்குப் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் வைரஸ் எதிர்ப்பு மருந்து நன்கு பயன்படும் என்பதும், நெற்றியிலும் கண்ணோரத்திலும் வந்த அக்கி பார்வையைப் பாதிக்கலாம் என்பதும்தான் அங்கே அச்சத்துக்குரியவை. ஒரே வழக்கம் மூன்று பிரிவுகளிலும் விழக்கூடும் என்பதைக் காட்டுங்கள்.

தடுப்பூசித் தயக்கம் பற்றி எழுத 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பள்ளிகளிலேயே போட ஏற்பாடு செய்தபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் மறுத்தார்கள். இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தலைமுறைகளாகத் தடுப்பூசியை ஏற்றுக்கொண்ட ஒரு மாநிலத்தில் இது நடந்தது. மெத்தனம், வசதியின்மை, நம்பிக்கைக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் காட்டும் மூன்று காரணங்களில் எது அங்கே மேலோங்கியது என்று எழுதுங்கள். ஊசி பள்ளிக்கே வந்ததால் வசதி ஒரு காரணமாக இருந்திருக்க முடியாது.

இனி, மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை. எண்களை நினைவில் நிறுத்துவதில் நான் மெதுவானவள். ஆகையால் குறைவாகவே எடுத்துக்கொண்டேன்; நினைவாற்றல் மிகுந்தவர்கள் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

சமவெளியில் துணைச் சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர். மலைப்பகுதியில் 3,000, 20,000.
மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது: 2021 ஆகஸ்ட் 5.
இன்னுயிர் காப்போம் திட்டத்தில் இலவச சிகிச்சை: சாலை விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரம்.
108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல்.
காசநோயாளிக்கு நிக்ஷய் ஊட்டச்சத்து உதவி: மாதம் 500 ரூபாயாக இருந்து 2024 நவம்பர் முதல் 1,000.
குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை அளக்கும் குப்புசாமி அளவுகோல் நகரத்துக்கு. கிராமத்துக் குடும்பத்துக்கு அதைப் போட்டால் உடனே மாட்டிக்கொள்வீர்கள். அங்கே, வருமானத்தை வைத்து அளக்கும் பி.ஜி. பிரசாத் அளவுகோலில் நடப்பு விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்பத் திருத்திய வருமான வரம்பைப் பயன்படுத்துங்கள்.

பாம்புக்கடிக்குத் தனியே ஒரு வரி: தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடும் இமை தொங்கியும் வந்தால், கடிபட்ட தடமே தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள். அவருடைய பாதையில் "வாயுக்கோளாறு" என்று ஒரு மாத்திரையும், பார்வை பார்ப்பவர் ஒருவரும் பெரும்பாலும் இருப்பார்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பதை எழுதிவிட்டு, அந்த ஊரிலிருந்து விஷமுறிவு மருந்து இருக்கும் மிக அருகிலுள்ள இடம் எது என்பதையும் எழுதுங்கள்.

துணைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நேரம் குறைவு என்பது தெரியும். புதிய குறிப்பேடுகளை வாங்க வேண்டாம். மாலையில் வார்டுக்குப் போய், அனுமதி பெற்று, நாளுக்கு ஒரு நோயாளியிடம் அவருடைய பாதையை மட்டும் கேட்டு எழுதுங்கள். காசநோய், சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், பேறுகாலத்துக்கு முந்தைய கவனிப்பு, எடை குறைந்த குழந்தை ஆகிய ஐந்தையும் முடித்துவிட்டால் போதும். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். உடனே ஆங்கிலத்துக்கு மாற்றினால், யார் சொல்லிப் போனார்கள் என்ற பகுதி விடுபட்டுப்போகிறது. தேர்வு நாளில் நோயாளியின் அருகிலிருந்து எழுந்திருக்கும் முன் அவருடைய வெளிநோயாளர் சீட்டுகளை வாங்கித் தேதிகளைப் பாருங்கள். அவர் சொல்லும் நாளும் சீட்டில் இருக்கும் நாளும் வேறுபட்டால் இரண்டையும் எழுதி, இடைப்பட்ட காலத்தில் எங்கே காட்டினார் என்று இன்னொரு முறை கேளுங்கள்.