லெவான்ஸோ கடலில் ஒரு கொம்பன் சுறா

திரபானியிலிருந்து லெவான்ஸோ தீவுக்குப் போகும் விரைவுப் படகு அன்று முக்கால் மணி நேரம் தாமதம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இத்தாலியின் சிசிலித் தீவில் இந்த மேற்கு மூலைக்கு வருகிறவர்கள் உப்பளத்துக் காற்றாலைகளையும், மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸ் என்ற ரவைச் சாப்பாட்டையும் தேடி வருவார்கள். நான் வந்தது கடலில் விழுந்துபோன ஒரு விமானத்துக்காக. "அங்கே பார்க்க என்னங்க இருக்கும்?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பியாஜியோ என்ற பெயரை நம் ஊர் லோடு ஆட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பத்தில் பிறந்து 1960களில் தனிக்குடித்தனம் போனது விமான நிறுவனம். அவர்களுடைய அவந்தி 1986இல் முதன்முதலில் பறந்தது. ஒன்பது பேர் வரை போகக்கூடிய சொகுசு விமானம். இரண்டு ப்ரொபெல்லர்களும் பின்பக்கம் பார்த்திருக்கும், விமானத்தை இழுக்காமல் தள்ளும். மூக்கருகே ஒரு குட்டி இறக்கை வேறு. நேரே நின்று பார்த்தால் நம் மீனவர்கள் சொல்லும் கொம்பன் சுறாவேதான்.

அதைத்தான் ஆளில்லா உளவு விமானமாக மாற்றி, ஹேமர்ஹெட் என்று அந்தச் சுறாவின் பெயரையே வைத்தார்கள். இருக்கைகள் போயின, ஜன்னல்கள் அடைபட்டன, ஆட்கள் உட்கார்ந்த இடத்துக்கு எரிபொருள் வந்தது. 14 மீட்டர் இறக்கை 15 மீட்டருக்கு மேல் நீண்டது. 45,000 அடி உயரத்தில் 16 மணி நேரம் சுற்றிச் சுற்றிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது கணக்கு. எனக்கு அந்த ஜன்னல்கள்தான் உறுத்தின. வேடிக்கை பார்ப்பதே வேலையாகிப்போன விமானத்துக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை!

2013 நவம்பர் 14 அன்று, திரபானிக்குத் தெற்கே பிர்ஜி விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பி ஹேமர்ஹெட் முதன்முறையாக 12 நிமிடம் பறந்தது. முந்தின நாள் நான் மலிவு டிக்கெட்டில் வந்து இறங்கியதும் அதே ஓடுதளத்தில்தான். பயணிகளுக்கும் படைக்கும் அங்கே அது பொது. ஐக்கிய அரபு அமீரகம் எட்டு விமானங்கள் கேட்டிருந்தது. அப்புறம் 2016 மே 31 வந்தது. கிளம்பி இருபதே நிமிடத்தில், லெவான்ஸோவுக்குச் சுமார் ஐந்து மைல் தள்ளி, கடலில் விழுந்தது. பறந்துகொண்டிருந்த முன்மாதிரி விமானம் அது ஒன்றுதான். 2018 கடைசியில் நிறுவனமே நொடித்துப்போனது. 2025இல் அதை வாங்கியது யார் தெரியுமா? ட்ரோன் செய்தே பேர் வாங்கிய துருக்கியின் பைகார்.

லெவான்ஸோவில் இறங்கி, காபிக் கடைப் பெரியவரிடம் அரைகுறை இத்தாலியனில் விசாரித்தேன். கடலில் விழுந்தது என்றதுமே அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கி.மு. 241இல் ரோமானியர்கள் கார்த்தேஜ் கப்பல்களை மூழ்கடித்தது இங்கேதான், எதிரிக் கப்பலை இடிக்க முன்னால் பொருத்தும் வெண்கல முட்டுமுனைகளைக்கூட அடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று கையை விரித்து அளவு காட்டினார். "கப்பல் இல்லை ஐயா, விமானம்" என்றேன். "விமானமா?" என்று யோசித்துவிட்டு இன்னொரு காபி போட்டார்.

திரும்பும் படகில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து வெள்ளையாக இருந்தது.