“இப்பவே மாத்தணுமாண்ணா?”

பைக்கை என்னிடம் சர்வீஸுக்கு விட்டிருந்த தம்பி கேட்டது இவ்வளவுதான்: “பிரேக் ஆயில் குறையவே இல்லையே, இப்பவே மாத்தணுமாண்ணா?” நான் சொன்னதும் ஒரே வரிதான்: “அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் தம்பி.”

அளவு குறையவில்லை என்பது உண்மை. ஆனால் கைப்பிடியருகே பிரேக் ஆயில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டரின் கண்ணாடிக்குள் ஆயில் டிக்காஷனைப் போலக் கறுத்திருந்தது. வண்டி வாங்கிய மூன்றரை ஆண்டில் ஒருமுறைகூட மாற்றாத பிரேக் ஆயில். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்; திருவான்மியூர்க் கடற்காற்றில் இரவெல்லாம் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். இத்தனையும் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். செயின், பிரேக் பேட் என்று பில் ஏற்கெனவே ஏறியிருந்தது; அன்று காலையில்தான் வேறொருவர், இல்லாத வேலையைச் சேர்க்கிறேன் என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்து இறங்கும்போது, முன் பிரேக் லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடியில் வந்து ஒட்டியிருக்கிறது. சூட்டில் நீர் ஆவியாகிவிட்டால், விரல் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்த ஆவிக் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பருக்குப் போய்ச் சேராது. பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

“அரை மணி நேரத்துல லீவர் பழையபடி ஆயிடுச்சுண்ணா, எதுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க” என்றார். குரலில் குற்றச்சாட்டே இல்லை. இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தது அவர் தவறு என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். அதிலும் நியாயம் இருக்கிறது. மலைக்குப் போகும் எண்ணம் உண்டா என்று நான் கேட்டிருக்கலாம், அதிலும் இருக்கிறது.

காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தபோது, டியூபில் இறங்கிய பழுப்பு நிறத்தை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிலுக்கு நான் காசு வாங்கவில்லை. அது பெருந்தன்மையா, அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமலிருக்கக் கொடுத்த விலையா என்று தெரியவில்லை.

பழைய ஜாப் கார்டில் என் கையெழுத்தில், ‘பிரேக் ஆயில் – கஸ்டமர் வேண்டாம் என்றார்’ என்று இருக்கிறது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாற்ற வேண்டுமா என்றுதான் கேட்டார். பேரம் பேசுகிறார் என்று என் காதில் விழுந்துவிட்டது.