கன்வென்ஷன்னா பந்தல் இல்ல
நம்மூர்ல கன்வென்ஷன்னா பந்தல், மைக்செட், மூணு நாள் கூட்டம். அமெரிக்காவோட டெக்சாஸ் மாநிலத்துல இருக்குற பாப்டிஸ்ட்காரங்களுக்கு (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்துல ஒரு பிரிவு) அது சபைகளோட கூட்டமைப்பு. இருந்த மாநில அமைப்பு ரொம்ப தளர்ந்து போச்சு, பைபிள் பிழையில்லாததுன்னு அழுத்திச் சொல்ல மாட்டேங்குதுன்னு கன்சர்வேட்டிவ் சபைங்க கோவிச்சுக்கிட்டு 1998 நவம்பர்ல ஹூஸ்டன்ல கூடி சதர்ன் பாப்டிஸ்ட்ஸ் ஆஃப் டெக்சாஸ் கன்வென்ஷன்னு தனிக்கடை போட்டுட்டாங்க. வர்ஜீனியா மாநிலத்துல 1996லயே இது நடந்தாச்சு.

காணிக்கை விஷயம்தான் எனக்கு சுவாரஸ்யம். ஞாயித்துக்கிழமை தட்டுல விழுற டாலர்ல ஒரு பங்கை சபை மாநில அமைப்புக்கு அனுப்பும், அங்கேர்ந்து ஒரு பங்கு தேசிய அமைப்புக்குப் போகும், புதுசா பிரிஞ்சவங்க தங்களுக்கு வந்ததுல பாதிக்கு மேல தேசியத்துக்கே பல வருஷம் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. தடுக்க பிஷப்பும் கிடையாது, சபை ஓட்டுப் போட்டா ஒரு அமைப்புலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறிக்கலாம். பழசு, புதுசு ரெண்டு மாநில அமைப்புலயும் கால் வெச்சுக்கிட்ட சபைகளும் உண்டு, அதான் கெட்டிக்காரத்தனம் 😄