வடக்கே தலையா, கோயிலுக்குக் காலா?

எனக்கு நன்றாக வரும் ஆசனம் ஒன்றே ஒன்று உண்டு, சவாசனம், என்று போன மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு ஃபேனுக்குக் கீழே மல்லாந்து கிடப்பேன் பாருங்கள், பதஞ்சலியே வந்தாலும் தட்டி எழுப்ப யோசிப்பார்.

இடுப்பு பிடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தால் பிரஷரும் இருக்கிறதாம். டாக்டர் அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, யோகாவும் செய்து பாருங்களேன் என்றார். அவர் போகிறபோக்கில் சொன்னது. என் மனைவி அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபம், சனிக்கிழமை காலை 7 மணி, அதுவும் தமிழில்! டர்பனுக்கு வந்து ஆறு வருஷத்தில் தமிழ்ப் பெயர் வைத்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டேன். தமிழ் பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ட்ரூரோ கப்பல் ஏறி வந்தவர்களின் வாரிசுகளிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

டீச்சரம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஐம்பது வயசுக்கு மேல் பாடப்புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். அதனால் நாம் பாதியை மென்று முழுங்கிப் பேசுகிற தமிழ் அவரிடம் கிடையாது. "ஐயா, தங்கள் கால்களைச் சற்றே அகற்றி வையுங்கள்" என்பார். எனக்கு அரசவையில் நிற்கிற மாதிரி இருக்கும்.

மற்ற ஆசனங்களில் நான் பட்ட பாட்டை விடுங்கள். கடைசியில் சவாசனம் என்றதும் நம்ம ஏரியா வந்துவிட்டது என்று ஜம்மென்று படுத்தேன். வரிசையாகத் திருத்தம் விழுந்தது. கை உடம்போடு ஒட்டக் கூடாது, உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், பாதம் தானாக வெளிப்பக்கம் சாயட்டும். இடுப்பு வலிக்காரன் என்பதால் முழங்காலுக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, முதுகு அப்படியே தரையில் இறங்கியது. அப்புறம் கோயிலில் ஓதுவார் ஒவ்வொரு உறுப்பாகக் கூப்பிட்டுப் பாடுவாரே, அந்த மாதிரி, "வலது பாதமே, தளர்ந்திரு. வலது முழங்காலே, தளர்ந்திரு" என்று ஆரம்பித்தார்.

முழங்கால் தளர்ந்தது. மண்டை தளரவில்லை. கீசரை அணைத்தோமா? வரிக் கணக்குக்கு எந்தப் பேப்பர் இன்னும் வரவில்லை? மூக்கு நுனியில் ஓர் அரிப்பு. அதைச் சொறியாமல் இருப்பதே ஒரு முழுநேர வேலை. அரை மணி வெயிட்டைத் தூக்கச் சொன்னால்கூடத் தூக்கிவிடலாம். போதாக்குறைக்கு வெளியே ஹாடீடா பறவைகள். டர்பன்காரர்களுக்குத் தெரியும், விடிகாலையில் யாரோ தகர டப்பாவை மிதிக்கிற மாதிரி அவை கத்தும். சரி, இதெல்லாம் வேண்டாம், தூங்கியே தொலைவோம் என்று தூங்கினேன். தோளில் ஒரு தட்டு. "ஐயா, இது சயனம். நாம் செய்வது சவாசனம்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பதினைந்தாம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோக பிரதீபிகையிலேயே இது இருக்கிறது: பிணம் போல மல்லாந்து கிடப்பது களைப்பைப் போக்கும், மனசை அடக்கும் என்று. கேரண்ட சம்ஹிதை என்கிற இன்னொரு யோக நூலில் இதற்கு மிருதாசனம் என்று பெயர். 1969-இல் பம்பாயில் டாக்டர் தாதேவும் கூட இருந்தவர்களும் 47 பிரஷர்காரர்களைச் சவாசனம் செய்யவைத்து ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். எனக்கும் வயசு 47. இதை ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

அன்றைக்குத்தான் டீச்சரம்மா, 'சவம் என்றால் பிணம்' என்று விளக்கம் சொல்லப்போய் மாட்டிக்கொண்டார். முன்வரிசையில் ஓர் ஆயா. எண்பதுக்கு மேல் இருக்கும். துணி ஃபேக்டரியில் முப்பது வருஷம் தைத்தவர். சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"பொணம் மாதிரிப் படுக்கச் சொல்றே. சரி. பொணத்துக்கே தெசை பாத்துத்தானே போடறோம்? இப்ப என் தலை எந்தப் பக்கம் இருக்கு?"

மண்டபம் கப்சிப். எல்லோர் தலையும் வடக்கே இருந்தது! சரி, திரும்பிப் படுப்போம் என்றால் மண்டபத்துக்கு வடக்கேதான் கோயில். கால் நேராக அம்மன் பக்கம் நீளும்.

எனக்குப் பக்கத்தில் மதுரைக்காரர் ஒருவர், எலெக்ட்ரிகல் எஞ்சினியர். விட்டாரா? "ஆயா, வடக்கே தலை வைக்கக் கூடாதுங்கிறது காந்த சக்தியாலே. டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 30 டிகிரி. இங்கே எல்லாம் தலைகீழ். வெயிலே வடக்குப் பக்கமாத்தானே போகுது? ஜூன் 21 யோகா தினம், ஊர்ல அன்னைக்கு நீளமான பகல், நமக்கு இருக்கிறதிலேயே குட்டைப் பகல். அதனால இங்கே தெற்கேதான் தலை வைக்கக் கூடாது."

"காந்தமா? பிள்ளையார் கதையில காந்தம் எங்கே வந்துச்சு? யானை வடக்கே தலை வெச்சுப் படுத்துச்சு, தலை போச்சு."

"அது கைலாசத்துல, ஆயா."

"யானை இந்த நாட்டுலயும் இருக்கு, தம்பி."

எஞ்சினியரிடம் இதற்குப் பதில் இல்லை. பன்னிரண்டு நிமிஷம் கழித்துக் கிழக்கே தலை வைப்பது என்று முடிவாகி, பாயையெல்லாம் குறுக்கே திருப்பிப் போட்டோம். குறுகலான மண்டபம். இரண்டு வரிசை. விளைவு, முன்னால் நகர்ந்துவிட்ட மதுரைக்காரரின் பித்தவெடிப்பு என் உச்சந்தலைக்கு ஒரு சாண் தூரத்தில்.

"வலது பாதமே, தளர்ந்திரு."

கண்ணை மூடி மூன்று நிமிஷம் இருக்கும். சரசரவென்று பிளாஸ்டிக் சத்தம். ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். ஜன்னல் வழியே இறங்கி வந்து, பைகள் வைத்திருந்த பெஞ்சில் ஒரு குரங்கு. கறுத்த முகம், சாம்பல் ரோமம், வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஆயா அர்ச்சனைக்குக் கொண்டுவந்திருந்த பையிலிருந்து வாழைச் சீப்பை எடுத்து, சந்தையில் பழம் பொறுக்குகிற பெண்மணி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தது. டீச்சரம்மாவும் கண்ணை மூடித்தான் இருந்தார்.

கத்தலாம். கத்தினால் மிரண்டு யார் மேலாவது பாயும். குட்டியோடு இருக்கிற குரங்கிடம் வம்பு வேண்டாம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்கி வந்து, என் தலைக்கும் மதுரைக்காரரின் குதிகாலுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாணில் உட்கார்ந்து பழத்தை உரித்தது. மூச்சு காதில் பட்டது. நான் கிடந்தேன். அப்படிக் கிடந்தேன். கீசர், வரிக் கணக்கு, மூக்கு அரிப்பு, ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒரு தோல் என் நெற்றியில் விழுந்தது. அதையும் எடுக்கவில்லை.

மணி அடித்தது. குரங்கு மிச்சச் சீப்போடு ஜன்னல் ஏறியது. எல்லோரும் விரல்களை அசைத்து, வலப்பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி மெல்ல எழுந்து பார்த்தால், நெற்றியில் வாழைப்பழத் தோலோடு நான்.

டீச்சரம்மா கை கூப்பிவிட்டார். "பாருங்கள்! குரங்கு அருகில் அமர்ந்து உண்டதும் அறியாமல் இவர் ஆழ்ந்திருக்கிறார். இதுவே சவாசனம்."

நான் மெதுவாகக் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவன் போல ஒரு பார்வை பார்த்தேன். மதுரைக்காரர் கை தட்டினார்.

ஆயா மட்டும் காலிப் பையை மடித்துக்கொண்டே கிட்டே வந்தார்.

"முழிச்சிக்கிட்டுத்தானே கெடந்தே?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"அடுத்த வாரம் பழம் நீ வாங்கிட்டு வா."