நாலு ஸ்விட்ச், ஒரு கெப்பாசிட்டர்: பரிசோதனை அறிக்கைக்குப் பதில் எழுதிய நாட்கள்

2025 ஜூன் 9

சூலூர்ப் பக்கத்துச் சின்னக் கம்பெனி ஒன்றின் காப்புரிமை விண்ணப்பம், பரிசோதகருக்குப் பதில் எழுத என் கைக்கு வந்தது. ஸ்பின்னிங் மில் ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்ததைக் கண்டுபிடிக்கும் சென்சார் வரிசைக்கு, 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தரும் போர்டு. சென்சார் உட்காரும் அலுமினியச் சட்டத்துக்குள் 2 மில்லிமீட்டர் உயரம்தான் கிடைக்கிறது. வோல்டேஜைக் குறைக்க வழக்கமாகப் போடும் பக் கன்வெர்ட்டருக்கு வேண்டிய காயில் அதில் நுழையாது. அதனால் கெப்பாசிட்டரை வைத்தே வோல்டேஜைப் பாதியாக்கியிருக்கிறார்கள். விண்ணப்பம் ஏற்கெனவே இதழில் வெளியாகிவிட்டது, ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் பாகங்களின் எண்களைக் கொஞ்சம் மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை மே 5 தேதியிட்டது. அதைப் படிப்பதற்கு முன்னால் காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறிக்க வேண்டும். பதில் தர 6 மாதம், அதாவது நவம்பர் 5. படிவம் 4 போட்டால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். வெளிநாட்டு விண்ணப்ப விவரம் தரும் படிவம் 3-க்கு, 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு, அறிக்கை வந்த நாளிலிருந்து 3 மாதம்தான். அது ஆகஸ்ட் 5. பதிலோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தேதி போய்விடும்.

ஆட்சேபங்கள் (கிளைம் என்பது இதற்குத்தான் உரிமை வேண்டும் என்று கேட்கும் வாசகம்; டி1, டி2, டி3 பரிசோதகர் காட்டும் பழைய ஆவணங்கள்): கிளைம் 1 முதல் 6 வரை டி1 ஆவணத்தில் அப்படியே இருக்கிறது. 7-ம் 9-ம் டி2, டி3 இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றக்கூடியது. காப்புரிமை தரக்கூடாதவை எவை என்று சொல்லும் பிரிவு 3(எஃப்), 3(கே). கிளைம்களில் தெளிவில்லை. விவரிப்பு போதவில்லை. மொத்தம் 12 கிளைம்.

ஜூன் 11

டி1-ஐ மூன்று தரம் படித்தேன். கிளைம் 1-க்கு உயிரில்லை.

ஏன் என்பதைப் படமாக நினைத்துக்கொண்டால் சுலபம். ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் நாலை மேலிருந்து கீழாக அடுக்குங்கள்: எஸ்1, எஸ்2, எஸ்3, எஸ்4. எஸ்1-எஸ்2 சேரும் புள்ளியில் ஃப்ளையிங் கெப்பாசிட்டரின் ஒரு கால், எஸ்3-எஸ்4 சேரும் புள்ளியில் மறு கால். அடுக்கின் உச்சி, நடு, அடி என்று மூன்று முனை. முதல் கட்டத்தில் எஸ்1-ம் எஸ்3-ம் மூடும், கெப்பாசிட்டர் உச்சிக்கும் நடுவுக்கும் இடையில் நிற்கும். அடுத்த கட்டத்தில் எஸ்2-ம் எஸ்4-ம் மூடும், அதே கெப்பாசிட்டர் நடுவுக்கும் அடிக்கும் இடையில் வந்து நிற்கும்.

உச்சியில் 24 வோல்ட் கொடுத்து நடுவில் எடுத்தால் 12 வோல்ட். நடுவில் கொடுத்து உச்சியில் எடுத்தால் இரட்டிப்பு. நடுவைத் தரையாக்கி, உச்சியில் கொடுத்து அடியில் எடுத்தால் மைனஸ் வோல்டேஜ். பழைய ஐசிஎல்7660 ஐசிக்குள் இருப்பதும் இதே நாலு ஸ்விட்ச்தான். 5 வோல்ட்டை மைனஸ் 5 ஆக்க வெளியே இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் போதும் என்பதை எத்தனையோ போர்டுகளில் பார்த்திருக்கிறோம். டி1 ஒரு இரட்டிப்பான். "எங்களுடையது பாதியாக்குவது, டி1 இரட்டிப்பாக்குவது" என்று பதில் எழுதச் சொல்லிக் கம்பெனியிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது. எழுதினால் பரிசோதகர் முன் ஹியரிங்கில் மானம் போகும். கிளைம் 1-ல் உள்ளீடு எது, வெளியீடு எது என்பதைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை. டி1-லேயே ஒரு பத்தியில், மின்சாரம் திருப்பியும் பாயும் என்று எழுதியிருக்கிறது.

1 முதல் 6 வரை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

ஜூன் 12

பழைய ஆவணங்களைத் தேடுவது பற்றி ஒரு குறிப்பு. இந்த சர்க்யூட்டின் காப்புரிமை வகைப்பாட்டு எண் எச்02எம் 3/07. ஆனால் வகைப்பாட்டை மட்டும் நம்பினால் பாதி தப்பிவிடும். இதே சர்க்யூட்டை ஒருவர் சார்ஜ் பம்ப் என்பார், ஒருவர் கெப்பாசிட்டர் டிவைடர் என்பார், சர்வர் போர்டுக்காரர் பஸ் கன்வெர்ட்டர் என்பார். மல்டிலெவல் இன்வெர்ட்டர் பக்கம் போனால் எச்02எம் 7/483-க்குள் ஃப்ளையிங் கெப்பாசிட்டர் என்று உட்கார்ந்திருக்கும். கெப்பாசிட்டரை வைத்தே வோல்டேஜை ஏற்றும் காக்ராஃப்ட்-வால்டன் அடுக்கு 1932, டிக்சன் சார்ஜ் பம்ப் கட்டுரை 1976. இந்தத் துறையில் "முதன்முறையாக" என்று எழுதக் கை கூச வேண்டும்.

ஜூன் 16

இன்று முழுக்க 98 சதவீதம்.

கிளைம் 3: "2 ஆம்பியர் சுமையில் 98 சதவீதத்துக்கு மேற்பட்ட செயல்திறன் கொண்ட". விளைவை மட்டும் சொல்லி, அதை எப்படி அடைகிறோம் என்று சொல்லாத கிளைமை எந்தப் பரிசோதகரும் விடமாட்டார். அது ஒரு பக்கம். அந்த எண்ணே தப்பு என்பது இன்னொரு பக்கம்.

2:1 கன்வெர்ட்டரில் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி இறங்குவதால் வரும் வெளியீட்டு மின்தடை = 1 ÷ (4 × கெப்பாசிட்டன்ஸ் × அதிர்வெண்). 10 மைக்ரோஃபாரட், 200 கிலோஹெர்ட்ஸ் போட்டால் 0.125 ஓம். 2 ஆம்பியருக்கு 0.25 வோல்ட் இறங்கும், வெளியீடு 11.75. உள்ளே வரும் கரன்ட் எப்போதும் வெளியே போவதில் பாதி என்பதால், செயல்திறனின் உச்ச வரம்பு 11.75 ÷ 12 = 97.9. இதைத்தான் 98 என்று போட்டிருக்கிறார்கள். "மேற்பட்ட" எங்கிருந்து வந்ததோ.

அந்தக் கெப்பாசிட்டர் எக்ஸ்5ஆர் வகை, 25 வோல்ட், 0805 அளவு. பெட்டியில் 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருப்பது டிசி வோல்டேஜ் ஏதும் இல்லாதபோது. அதன் தலையில் 12 வோல்ட் நின்றால், தயாரிப்பாளரின் வளைகோட்டுப்படி இந்தப் பாகத்தில் மிஞ்சுவது 4 மைக்ரோஃபாரட். அப்போது மின்தடை 0.3125 ஓம், இறக்கம் 0.625 வோல்ட், வெளியீடு 11.37-க்குச் சற்று மேல், வரம்பு 94.8.

விண்ணப்பத்தின் அட்டவணை 2-ஐத் திறந்தால், 2 ஆம்பியரில் அளந்த வெளியீடு 11.37 வோல்ட். அவர்களுடைய அட்டவணையே அவர்களுடைய கிளைமைப் பொய்யாக்குகிறது. ஸ்விட்சுகளைத் திறந்து மூடவே செலவாகும் கேட் டிரைவ் இழப்பு இன்னும் கணக்கில் வரவில்லை. ஸ்விட்ச் பெரிதாகப் போட்டாலும் இது தீராது, ஸ்விட்சின் 10 மில்லிஓம் இதில் தூசு. கெப்பாசிட்டரை வேறு வோல்டேஜில் இருக்கும் ஒன்றோடு நேராக முட்டவிட்டால், இடையில் எவ்வளவு சின்ன மின்தடை இருந்தாலும் அந்த வித்தியாசத்துக்கான ஆற்றல் வெப்பமாகப் போயே தீரும்.

போனில் அந்தக் கம்பெனி இன்ஜினியர்: "98 இல்லீனா அப்புறம் கிளைம் எதுக்குங்க?"

"98 இருக்குதுங்க தம்பி. நீங்க தப்பான படத்துல போட்டு வெச்சிருக்கீங்க."

படம் 5-ல் கெப்பாசிட்டரோடு தொடராக 100 நானோஹென்றி காயில் ஒன்று இருக்கிறது. உயரம் 1 மில்லிமீட்டர்தான், சட்டத்துக்குள் போகும். கரன்ட் சைன் அலையின் அரைப் பாகமாகப் பாயும், முட்டல் இழப்பு இல்லை. எல்லா நேரமும் இரண்டு ஸ்விட்ச் தொடராக மூடியிருப்பதால் மின்தடை ஏறக்குறைய 2.47 × 10 மில்லிஓம், சுமார் 25 மில்லிஓம். 2 ஆம்பியருக்கு 0.05 வோல்ட் இறக்கம். வரம்பு 99.6-க்குப் போகிறது. காயில், கெப்பாசிட்டரின் சொந்த மின்தடை, கேட் டிரைவ் எல்லாம் கழித்தாலும் 98 நிற்க இடமுண்டு. படம் 5-க்கு அளந்த அட்டவணை 4 இருக்கிறது. இத்தனை நாள் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஜூன் 18

கிளைம் 7, தொடக்கச் சார்ஜ். கரன்ட் போட்ட கணத்தில் கெப்பாசிட்டர்கள் எல்லாம் காலி. எஸ்1-எஸ்3 மூடினால் 24 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையில் 20 மில்லிஓம்தான். கணக்குப்படி 1,200 ஆம்பியர், வயரிங்கின் இண்டக்டன்ஸ்தான் காப்பாற்ற வேண்டும். எஸ்2-எஸ்4 மூடினாலோ எஸ்1 மேல் 12-க்குப் பதில் முழு 24 வோல்ட் விழும். 20 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டிருந்தால் அங்கேயே முடிந்தது. அதனால் தனி ரெசிஸ்டர் வழியாக முதலில் 12 வரை ஏற்றுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் டி3-ல் அப்படியே இருக்கிறது. விட்டாச்சு.

ஜூன் 24

மிஞ்சியது கிளைம் 9. பரிசோதகர் இதற்கு ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றும். சரக்கு இருப்பதே இங்கேதான்.

டி2-ம் ரெசொனன்ட் 2:1 கன்வெர்ட்டர்தான், அதாவது படம் 5 போலக் கரன்ட் அரை அலையாகப் பாய்வது. நிலையான அதிர்வெண், இரண்டு கட்டமும் பாதிக்குப் பாதி. நம் படம் 5-ல் இரண்டு கட்டங்களின் நேரமும் தனித்தனி. காரணம் இது: முதல் கட்டத்தின் சுற்றில் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் 10, ஃப்ளையிங் 4, வெளியீடு 22 மைக்ரோஃபாரட் மூன்றும் தொடராக நிற்கும், மொத்தம் 2.53. இரண்டாம் கட்டத்தில் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் சுற்றுக்கு வெளியே போய்விடும், மொத்தம் 3.38. அதே 100 நானோஹென்றிக்கு முதல் அரை அலை 1.58 மைக்ரோசெகண்ட், இரண்டாவது 1.83. பாதிக்குப் பாதியாக 1.705 வைத்தால் முதல் கட்டத்தில் கரன்ட் பூஜ்யத்தைத் தாண்டித் திரும்பிப் பாயும், இரண்டாவதில் பூஜ்யம் தொடுமுன் ஸ்விட்ச் வெட்டும். இரண்டுமே வெப்பம்.

இதோடு அந்த 4 மைக்ரோஃபாரட் நிலையாக நிற்பதும் இல்லை. மில்லின் சூடு, மெயின் சப்ளை 24-லிருந்து நகர்வது, வயது. அதனால் எஸ்4-ன் சொந்த மின்தடையில் விழும் வோல்டேஜை ஒரு கம்பேரேட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சர்க்யூட்) பார்த்து, கரன்ட் பூஜ்யம் தொடும் நேரத்தைக் கண்டுபிடித்து, அடுத்த சுற்றின் டைமரைத் திருத்துகிறது. எஸ்3-க்கும் அப்படியே, தனியாக.

டி2-ம் கெப்பாசிட்டர் நகர்வதைப் பிரச்சினையாகச் சொல்கிறது. அது காட்டும் தீர்வு: வோல்டேஜுக்கு அசையாத சி0ஜி வகைக் கெப்பாசிட்டர்களை நிறையப் பக்கவாட்டில் அடுக்கு. அதே நோய்க்கு நேரெதிர் வைத்தியம். டி2-ஐப் படித்தவர் பாகத்தை மாற்றுவார், நேரத்தை அளக்கத் தொடங்க மாட்டார். பதிலின் நடுப்பகுதி இதுதான். டி3-ல் நேரம் அளப்பதே இல்லை, ஆகவே இரண்டையும் சேர்த்தாலும் கிளைம் 9 வராது.

பலவீனமும் தெரிகிறது. டயோடுக்குப் பதில் ஸ்விட்ச் வைக்கும் சிங்க்ரோனஸ் ரெக்டிஃபையரில் பூஜ்யக் கரன்ட் கண்டுபிடிப்பது பழைய சங்கதி. ஹியரிங்கில் பரிசோதகர் அதை எடுத்தால், அங்கே ஒரு ஸ்விட்ச் அணைகிறது அவ்வளவுதான், இரண்டு கட்டங்களின் நீளம் தனித்தனியாக அடுத்த சுற்றுக்கு அமைக்கப்படுவதில்லை என்று சொல்ல வேண்டும். கிடைக்கும் என்றே நினைக்கிறேன். அகலமான கிளைமாக இருக்காது.

ஜூலை 2

பிரிவு 59. திருத்திய கிளைம் முந்தைய கிளைமின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும், மூல விவரிப்பில் இல்லாத எதையும் நுழைக்கக் கூடாது. கிளைம் 9-ல் "நேரத்தைத் திருத்தும்" என்று மட்டும் இருக்கிறது. "இரண்டு கட்டத்தையும் தனித்தனியாக" என்பது கிளைமில் இல்லை. விவரிப்பில் தேடினால் பத்தி 47-ல் ஒரே ஒரு வாக்கியம்: "டி-1, டி-2 நேரங்கள் ஒன்றையொன்று சாராமல் அமைக்கப்படும்." (இந்த டி-1, டி-2 இரண்டு கட்டங்களின் நேரம், பரிசோதகரின் ஆவணங்கள் அல்ல.) அந்த ஒற்றை வரியில்தான் விண்ணப்பம் முழுவதும் தொங்குகிறது. எழுதியவர் அதை முக்கியம் என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை.

விவரிப்பு போதவில்லை என்பதற்கும் பதில் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் கரன்ட் பூஜ்யம்தான். கம்பேரேட்டர் அங்கேயே ஏமாறாதா? படம் 6-ல் முதல் 300 நானோசெகண்டுக்குக் கம்பேரேட்டரைக் கண்ணைக் கட்டிவைத்திருப்பது வரைந்திருக்கிறது. நல்லவேளை. கம்பேரேட்டர் ஆஃப்செட் 2 மில்லிவோல்ட் என்றால் 10 மில்லிஓமில் அது 0.2 ஆம்பியர் பிழை. 40 நானோசெகண்ட் தாமதமும் முழுச் சுமையில் ஏறக்குறைய அதே அளவு பிழை தரும். இவற்றைச் சமாளிக்கும் வழி விவரிப்பில் இருந்தால் முதன்மைக் கிளைமைச் சார்ந்து நிற்கும் கீழ்க் கிளைமாக வைத்திருக்கலாம். இல்லை. இனிச் சேர்க்கவும் முடியாது.

ஜூலை 8

3(எஃப்): தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கியது, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு இயங்குகிறது என்பது. கம்பேரேட்டர் சொல்வதைக் கேட்டு டைமர் மாறுகிறது, டைமர் மாறுவதால் கம்பேரேட்டர் பார்க்கும் கரன்டே மாறுகிறது. தன்பாட்டுக்கு எதுவும் இயங்கவில்லை. இரண்டு பத்தி போதும். வெறும் அல்காரிதம், கணக்கு முறை போன்றவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்னும் 3(கே)-க்கு: முறை பற்றிய கிளைம் 11, 12 இரண்டையும் நீக்கிவிட்டேன். அவை சாதனக் கிளைமையே வேறு வார்த்தையில் சொன்னவை, சண்டைக்கு லாயக்கில்லை.

"ஏறத்தாழ", "உகந்த", "விரும்பத்தக்க வகையில்" எல்லாம் கிளைமிலிருந்து வெளியே. படத்தின் எண்கள் அடைப்புக்குறிக்குள் உள்ளே.

ஜூலை 15

படிவம் 3 போயாச்சு.

ஜூலை 21

பதில் பதிவேற்றியாயிற்று. 12 கிளைம் 4 ஆகியிருக்கிறது. புதிய கிளைம் 1-ல் படம் 5-ன் சுற்று, இரண்டு கம்பேரேட்டர், தனித்தனி நேரம். கோடிட்டுக் காட்டிய பிரதி ஒன்று, சுத்தப் பிரதி ஒன்று. முன்பெல்லாம் ஹியரிங் என்றால் ராத்திரி சேரன் பிடித்து கிண்டி போக வேண்டும், இப்போது பீளமேட்டில் உட்கார்ந்தே திரையில் பேசலாம். பேசி முடித்த 15 நாளுக்குள் எழுத்து வாதம் தர வேண்டும் என்பதால், டி2-ன் சி0ஜி பத்தியை இப்போதே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அனுப்புமுன் கடைசியாகச் சுருக்கத்தைப் பார்த்தால் அங்கே இன்னும் "98 சதவீதத்துக்கு மேற்பட்ட" என்று, படம் 1-ஐக் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கத்தை மறுபடி அடித்து, படம் 5 என்று மாற்றிய பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.